பன்றியைச் சுடும் குண்டு எங்கே போய் நிற்கும்?

காட்டு எல்லையிலிருந்து 1 கிலோமீட்டருக்குள் வரும் காட்டுப்பன்றியைச் சுடக்கூடாது. 1 முதல் 3 கிலோமீட்டருக்குள் வந்தால் பிடித்துக் காட்டில் விட வேண்டும். 3 கிலோமீட்டரையும் தாண்டி வந்தால் வனத்துறையினர் சுடலாம். 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த முறை இது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பாலக்கோடு, பென்னாகரம், அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் நிலக்கடலையும் ராகியும் போட்டுவிட்டு, விளைச்சலில் ஒரு பங்கைப் பன்றிக்குப் பறிகொடுப்பவர்களுக்கு இந்த எண்கள் அத்துப்படி.

மூன்று எண்களும் பன்றி எவ்வளவு தூரம் வந்தது என்பதைச் சொல்பவை. குண்டு எவ்வளவு தூரம் போகும் என்ற பேச்சு மட்டும் அதிகம் அடிபடவில்லை. ஒரு வேட்டை ரைஃபிளின் குண்டு குறி தப்பி மேல்நோக்கிப் போனால் 4 கிலோமீட்டர் தள்ளிக்கூடப் போய் விழும். காட்டிலிருந்து 3 கிலோமீட்டர் தள்ளி என்றால் அது வீடும் பள்ளிக்கூடமும் தார்ச்சாலையும் இருக்கிற இடம். அங்கே சுடும்போது எந்தத் துப்பாக்கி, எந்தக் குண்டு என்பது ஊருக்கே உரிய கேள்வி. அதற்குப் பதில் தெரிய வேண்டுமானால், கடந்த இருநூறு ஆண்டுகளில் குண்டு என்ற அந்தச் சின்ன உலோகத் துண்டு எப்படி மாறியது என்று பார்க்க வேண்டும்.

முதலில் சில சொற்கள்

'நாட்டுத் துப்பாக்கி பறிமுதல்', 'தோட்டாக்கள் சிக்கின', 'பால்ரஸ் குண்டுகள் கண்டெடுப்பு' என்று நம் மாவட்டச் செய்திகளில் அடிக்கடி படிக்கிறோம். எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும். ஆனால் வேறு வேறு.

1. குண்டு: குழலை விட்டு வெளியேறிப் பறந்து போகும் உலோகத் துண்டு. இந்தக் கட்டுரை முழுவதும் இதைப் பற்றித்தான்.

2. தோட்டா: குண்டு, வெடிமருந்து, அடியில் பொறி கொடுக்கும் கேப்பு ஆகிய மூன்றையும் ஒன்றாக அடக்கிய பித்தளைக் கூடு. சுட்டபின் கூடு சுட்டவர் பக்கத்திலேயே விழும். குண்டு மட்டும் போகும்.

3. நாட்டுத் துப்பாக்கி: இதற்குத் தோட்டா கிடையாது. மருந்தையும் குண்டையும் குழலின் வாய் வழியாகத் தனித்தனியே இறக்குவார்கள். குழலின் உட்புறம் வழவழவென்று இருக்கும்.

4. பால்ரஸ்: பேரிங்கில் இருக்கும் எஃகு உருண்டை. துப்பாக்கிக்காகச் செய்யப்பட்டதே அல்ல.

5. 12 போர்: தோட்டா போடும் துப்பாக்கிதான், ஆனால் குழல் வழவழப்பு. ஒரே தோட்டாவில் பல சிறு குண்டுகள் இருக்கும்.

6. ரைஃபிள்: குழலின் உட்புறத்தில் மரை போலச் சுற்றிச் செல்லும் பள்ளங்கள் உள்ள துப்பாக்கி. ஒரு தோட்டாவுக்கு ஒரு குண்டு. இந்தியாவில் லைசென்ஸ் வைத்திருப்பவர்களிடம் காணப்படும் .315 ரைஃபிள் இந்த வகை. மேற்கு வங்கத்தின் இஷாப்பூர் அரசுத் தொழிற்சாலைத் தயாரிப்பு.

சட்டத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி நாட்டுத் துப்பாக்கிக்கும் லைசென்ஸ் வேண்டும். 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை குற்றம். பன்றிக்கும் அந்தச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. லைசென்ஸ் துப்பாக்கி கையில் இருந்தாலும், சொந்தக் கொல்லையில் மேய்ந்தாலும், நாமாகச் சுட அனுமதி இல்லை. 2025 அறிவிப்பு சுடும் வேலையை வனத்துறையிடம்தான் கொடுத்திருக்கிறது.

உருண்டையின் குணம்

1791-ல் மைசூர்ப் போரின்போது ராயக்கோட்டைக் கோட்டையைக் கும்பெனிப் படை பிடித்தது. அந்தக் காலத்துக் கும்பெனிச் சிப்பாயின் தோளில் தொங்கியது 'பிரவுன் பெஸ்' என்ற மஸ்கட் துப்பாக்கி. முக்கால் அங்குலக் குழல், அதற்குள் காரீய உருண்டை. உருண்டை குழலைவிடச் சற்றுச் சிறிதாகவே இருக்கும். கரிமருந்து எரிந்தால் கசடு படியும். சரியான அளவில் உருண்டை செய்தால் நாலைந்து தடவை சுட்டதும் உள்ளே இறங்காது. அதனால் இடைவெளி விட்டார்கள்.

அந்த இடைவெளிதான் எல்லாத் தொல்லைக்கும் காரணம். மருந்து தள்ளும்போது உருண்டை குழலின் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் முட்டி முட்டி வரும். கடைசியாக எந்தப் பக்கம் முட்டியதோ அதற்கு எதிர்ப்பக்கம் விலகிப் போகும். ஒவ்வொரு முறையும் ஒரு திசை. கவணில் வைத்து விடும் கல்லுக்கும் இதே குணம். கை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் கல் சுழலும் விதம் கையில் இல்லை. மஸ்கட்டால் 100 மீட்டருக்கு அப்பால் ஓர் ஆளைக் குறிபார்த்து அடிப்பது அதிர்ஷ்டத்தைப் பொறுத்தது.

இன்னொரு குறையும் உண்டு. ஒகேனக்கல்லில் பரிசலைப் பார்த்தவர்களுக்கு இது உடனே புரியும். வட்டமான பரிசலைத் தள்ளினால் கொஞ்ச தூரத்திலேயே தண்ணீர் அதைப் பிடித்து நிறுத்திவிடும். அதே எடையுள்ள நீளமான ஓடம் வழுக்கிக்கொண்டு போகும். காற்றில் உருண்டைக் குண்டு பரிசல் மாதிரி. கிளம்பிய வேகத்தில் கணிசமான பகுதியை முதல் நூறு மீட்டரிலேயே இழந்துவிடும்.

நம் மலைக்கிராமங்களில் பிடிபடும் நாட்டுத் துப்பாக்கி இன்றும் இந்த 1791 நிலையில்தான் நிற்கிறது. 'சின்னத் துப்பாக்கிதானே, என்ன ஆகிவிடும்' என்ற எண்ணம் இங்கே தவறாகிப்போகிறது. அதன் குண்டுக்குப் பன்றியின் தோளைத் துளைத்து இதயத்தை எட்டும் வலு பல சமயம் இருக்காது. தோலுக்கும் சதைக்கும் நடுவே தங்கிவிடும். பன்றி ஓடிவிடும். புண் சீழ் வைத்து, புழு வைத்து, நாட்கணக்கில் வேதனைப்பட்டு எங்கேயோ சாகும். யானைக்கு இதே குண்டு பட்டால் சாகக்கூடச் சாகாது. வலியோடு ஊருக்குள் வரும். அந்த வலியை அடுத்து எதிரில் வருகிறவர் மேல் காட்டும்.

பம்பரம் தந்த திருப்பம்

சாட்டையைச் சுற்றாமல் பம்பரத்தைத் தரையில் நிறுத்த முடியாது. சுழலும்போது மட்டும் அது நிமிர்ந்து நிற்கும். ரைஃபிளின் சூட்சுமம் முழுவதும் இதுதான். குழலின் பள்ளங்கள் குண்டைப் பிடித்துச் சுழற்றிவிடும். சுழலும் குண்டு முனை முன்னால் இருக்கும்படியே பறக்கும். அப்படியானால் உருண்டையாகவே இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. நீளமாக, ஓடம் போலச் செய்யலாம்.

இது பழைய அறிவுதான். பள்ளம் உள்ள குழல்கள் பல நூற்றாண்டுகளாக இருந்தன. ஆனால் குண்டு பள்ளத்தைக் கவ்வ வேண்டுமானால் இறுக்கமாக இருக்க வேண்டும். இறுக்கமாக இருந்தால் வாய் வழியாக இறக்கக் கஷ்டம். 1840-களின் இறுதியில் பிரெஞ்சு அதிகாரி மினியே இதற்கு ஒரு வழி கண்டார். அடிப்பக்கம் குழிவாக இருக்கும் கூம்பு வடிவக் குண்டு. தளர்வாக உள்ளே இறங்கும். மருந்து வெடிக்கும்போது அந்தக் குழி விரிந்து, ஈயம் பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். அதோடு மஸ்கட்டின் காலம் முடிந்தது.

இன்றைய வேட்டை ரைஃபிளில் பள்ளம் ஏறத்தாழ 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று போகும். குண்டு விநாடிக்கு 850 மீட்டர் வேகத்தில் வெளியே வந்தால், நிமிடத்துக்குச் சுமார் 2 லட்சம் சுற்று. எந்தப் பம்பரமும் கனவு காணாத வேகம்.

சட்டை போட்ட குண்டு

1884-ல் பிரான்ஸின் பால் வியெய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். அதுவரை இருந்த கரிமருந்தைவிட இதற்கு வலு மிக அதிகம். குண்டின் வேகம் கூடியது. உடனே வேறொரு சிக்கல் வந்தது. ஈயம் மென்மையான உலோகம். 327 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும். அந்த வேகத்தில் குழலுக்குள் ஈயம் உரிந்து பள்ளங்களை அடைத்துக்கொண்டது. ஈயத்துக்கு மேல் செம்புக் கலவையில் ஒரு சட்டை போடுவது இதற்குத் தீர்வானது. சுவிட்சர்லாந்தின் எடுவார்ட் ரூபின் 1880-களில் அதைச் செய்து காட்டினார்.

1898-ல் பிரெஞ்சு ராணுவம் இன்னொரு படி போனது. முன்னால் கூர்முனை, பின்னால் படகின் பின்புறம் போலக் குறுகிய வால். முழுக்கப் பித்தளைக் கலவை. உள்ளே ஈயமே கிடையாது. இன்று 'ஈயமில்லாக் குண்டு' என்று புதுமையாகப் பேசப்படுவதன் பாட்டன் அது. கூர்முனையும் படகு வாலும் அன்று வந்தவைதான். நெடுந்தூரக் குண்டுகள் இன்றும் அவற்றை விடவில்லை.

டம்டம்: ஓர் இந்திய அத்தியாயம்

முழுச் சட்டை போட்ட குண்டு உடலுக்குள் புகுந்து, அப்படியே மறுபக்கம் வெளியேறிவிடும். எல்லைப் போர்களில் எதிரி குண்டு பட்டும் நிற்காமல் வருகிறான் என்று பிரிட்டிஷ் ராணுவம் குறைப்பட்டது. இன்று கொல்கத்தா விமான நிலையம் இருக்கும் டம்டம் பகுதியில் அப்போது ஆயுதத் தொழிற்சாலை இருந்தது. அங்கே 1890-களில் கேப்டன் பெர்டி-கிளே சட்டையின் முனையை மட்டும் திறந்துவிட்ட குண்டை உருவாக்கினார். உடலில் பட்டதும் திறந்த முனையின் ஈயம் நசுங்கி விரியும். காயம் கொடூரமாக இருக்கும். உலகம் அதிர்ந்தது. 1899-ல் ஹேக் நகரில் கூடிய நாடுகள், உடலுக்குள் விரியும் குண்டுகளைப் போரில் பயன்படுத்துவதில்லை என்று பிரகடனம் செய்தன.

போரில் கூடாது என்று ஒதுக்கிய குண்டை வேட்டையில் மட்டும் ஏன் கட்டாயமாக்குகிறார்கள் என்று இங்கே பலருக்கும் குழப்பம் வரும். பல நாடுகளின் வேட்டை விதிகள் முழுச் சட்டைக் குண்டைத் தடுத்து, விரியும் குண்டைத்தான் கேட்கின்றன. காரணம் இரண்டு. விரியும் குண்டு பட்ட விலங்கு சில நொடிகளில் விழுந்துவிடும். முழுச் சட்டைக் குண்டு பட்டது ஊசித்துளையோடு ஓடிப்போய் மெதுவாகச் சாகும். அடுத்தது, விரிந்த குண்டு தன் வலுவின் பெரும்பகுதியை விலங்கின் உடலுக்குள்ளேயே செலவழித்துவிடும். விரியாத குண்டு மறுபக்கம் வந்து, இன்னும் ஆளைக் கொல்லும் வேகத்தோடு பறந்துகொண்டிருக்கும்.

நம் ஊருக்கு இந்த இரண்டாவது காரணம்தான் முக்கியம் என்பது என் கருத்து. படைக்கும் காவலுக்கும் என்று செய்த முழுச் சட்டைத் தோட்டாவைப் பன்றிக்குப் பயன்படுத்துவது, பன்றிக்கும் கொடுமை, பின்னால் இருக்கும் வீட்டுக்கும் ஆபத்து.

சேறு பூசிய மான்

சரி, முனையைத் திறந்துவிட்டால் வேலை முடிந்ததா? இல்லை. வேட்டைக் குண்டிடம் நாம் கேட்பது ஒன்றுக்கொன்று முரணான இரண்டு காரியங்கள். பட்டதும் விரிய வேண்டும்; ஆனால் சிதறிப்போகாமல் ஆழமாகவும் போக வேண்டும். விரிந்தால் தடை கூடும், ஆழம் குறையும். விரியாவிட்டால் ஆழம் போகும், காயம் சிறுத்துவிடும்.

1946-ல் கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் ஜான் நாஸ்லர் என்ற அமெரிக்கர் மூஸ் என்ற பெரிய மான் வேட்டைக்குப் போனார். அந்த மான் சேற்றில் புரண்டு, உடம்பெல்லாம் காய்ந்த சேற்று அப்பலோடு நின்றது. அவர் சுட்ட குண்டுகள் அந்தச் சேற்றிலும் தடித்த தோலிலும் பட்டதுமே விரிந்து நொறுங்கின, உள்ளே போகவில்லை. நம்மூர் பன்றியை நினைத்துப் பாருங்கள். வாய்க்கால் ஓரம் சேற்றில் புரண்டுவிட்டுத்தான் கொல்லைக்கு வரும். ஆண் பன்றிக்குத் தோள்பட்டையில் கேடயம் போலத் தடித்த தோல் வேறு. அவர் பார்த்த சிக்கல் அப்படியே நம் சிக்கல்.

நாஸ்லர் கண்ட வழி எளிமையானது. குண்டின் நடுவில் செம்பால் ஒரு குறுக்குச் சுவர். முன்பாதி ஈயம் விரிந்து சிதறட்டும். சுவருக்குப் பின்னால் உள்ள பாதி எதுவந்தாலும் கலையாமல் உள்ளே போகட்டும். 1948-ல் விற்பனைக்கு வந்த அந்தக் குண்டு இன்றும் விற்கிறது. அப்புறம் வேறு வழிகளும் வந்தன. ஈயத்தையும் சட்டையையும் பிரியாதபடி ஒட்டவைத்தார்கள். சட்டையை முனையில் மெல்லியதாகவும் அடியில் தடிப்பாகவும் செய்தார்கள்.

1980-களின் இறுதியில் பார்ன்ஸ் நிறுவனம் ஈயத்தையே விட்டுவிட்டது. முழுக்கச் செம்பு. முனையில் ஒரு சிறு துளை. விலங்கின் உடம்பில் உள்ள ஈரம் அந்தத் துளைக்குள் அழுத்தமாகப் புகுந்து, முனையை நான்கு இதழ்களாகப் பிளந்து பின்னோக்கி மடக்கும். விலங்கிலிருந்து எடுத்த அப்படிப்பட்ட குண்டு நாலிதழ்ப் பூ விரிந்தது போல இருக்கும். இதழ்கள் உடையாவிட்டால் கிளம்பியபோது இருந்த எடை ஏறத்தாழ அப்படியே இருக்கும். சாதாரண ஈயக் குண்டு மூன்றில் ஒரு பங்குக்கும் மேல்கூட எடை இழந்திருக்கும். அந்த இழந்த எடை எங்கே போனது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

செம்பிலும் குறை உண்டு. ஒரு கன சென்டிமீட்டர் ஈயம் 11.3 கிராம், செம்பு 9 கிராமுக்கும் சற்றுக் குறைவு. அதே எடைக்குச் செம்புக் குண்டு நீளமாக இருந்தாக வேண்டும். நீளமான பம்பரத்துக்கு வேகமான சுழற்சி தேவை. பழைய துப்பாக்கிக் குழல்கள் சிலவற்றின் பள்ளம் அவ்வளவு வேகமாகச் சுழற்றாது. செம்பு கெட்டி என்பதால் வேகம் குறைந்த இடத்தில் விரியவும் மறுக்கும். பெரும்பாலான வேட்டைக் குண்டுகள் சரியாக விரிய, படும்போது விநாடிக்கு 550 முதல் 600 மீட்டர் வேகமாவது இருக்க வேண்டும். அதற்குக் கீழே போனால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய குண்டானாலும் ஊசித்துளைதான்.

நெடுந்தூரம்: காற்றோடு ஒரு கணக்கு

கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் அதிக ஆராய்ச்சி நடந்தது இந்தப் பக்கம். ஆயிரம் மீட்டர் தாண்டி இலக்கு அட்டையில் சுடும் விளையாட்டு வெளிநாடுகளில் பெருகியதால் வந்தது. நம் கொல்லைக்கு இதன் பயன் குறைவு என்பதால் சுருக்கமாகவே சொல்கிறேன்.

குண்டை இரண்டு சக்திகள் வழிமாற்றுகின்றன. புவியீர்ப்பு கீழே இழுக்கும்; 500 மீட்டரில் ஒரு வேட்டை ரைஃபிள் குண்டு குழலின் நேர்க்கோட்டிலிருந்து 2 மீட்டருக்கு மேல் இறங்கிவிடும். ஆனால் அந்த இறக்கம் கணக்கில் அடங்கும். காற்று அடங்காது. விநாடிக்கு 4 மீட்டர் பக்கக் காற்று, அதாவது புளிய இலை சலசலக்கும் காற்று, அதே 500 மீட்டரில் குண்டை அரை மீட்டருக்கு மேல் தள்ளிவிடும்.

இதைக் குறைக்கக் குண்டின் மூக்கை நீட்டினார்கள், வாலைக் குறுக்கினார்கள். முனையில் பிளாஸ்டிக் கூம்பு வைத்தார்கள். அது காற்றைக் கிழிக்கும், விலங்கில் படும்போது ஆப்பு போல உள்ளே இறங்கிக் குண்டைத் திறக்கும். ஹார்னடி நிறுவனம் டாப்ளர் ரேடார் வைத்துக் குண்டின் முழுப் பயணத்தையும் அளந்தபோது, காற்றின் உராய்வுச் சூட்டில் அந்தப் பிளாஸ்டிக் முனை பறக்கும்போதே உருகி மழுங்குவது தெரிந்தது. 2015-ல் சூடு தாங்கும் முனையோடு புதிய குண்டுகள் வந்தன.

காற்றைத் தாங்கும் திறனை ஓர் எண்ணாகச் சொல்வார்கள். தோட்டாப் பெட்டியின்மேல் 'ஜி1' என்று போட்டிருந்தால் அது 19-ஆம் நூற்றாண்டின் தட்டையடிக் குண்டை அளவுகோலாக வைத்தது. 'ஜி7' படகு வால் குண்டை வைத்தது. இரண்டையும் கலந்து ஒப்பிட்டால் தப்பான முடிவுதான் வரும்.

நெடுந்தூரம் குறிபார்க்க முடிகிறது என்பதற்காக நெடுந்தூரத்திலிருந்து விலங்கைச் சுடுவது சரியென்று நான் நினைக்கவில்லை. 700 மீட்டரில் குண்டு போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் பன்றி ஓர் அடி எடுத்து வைத்தால் இதயத்துக்குப் போக வேண்டியது குடலுக்குப் போகும்.

காணாமல் போன ஈயம்

முதலில் ஒரு பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துவிடுவோம். ரசம் வைக்கும் ஈயச்சொம்பு செய்ய வேண்டியது வெள்ளீயத்தில். குண்டில் இருப்பது காரீயம். முதலாவது சமையலுக்கு ஏற்றது, இரண்டாவது நஞ்சு. இவ்வளவு வரை உடம்புக்குள் போகலாம் என்ற பாதுகாப்பான அளவே காரீயத்துக்கு இல்லை என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. குழந்தைகளின் மூளை வளர்ச்சியை அது கெடுக்கும், கெட்டது திரும்பாது.

வேகமான ரைஃபிள் குண்டு விலங்கில் படும்போது இழக்கும் ஈயம், கண்ணுக்குத் தெரியாத துகள்களாகக் காயத்தைச் சுற்றிலும் ஒரு சாண், இரண்டு சாண் தூரத்துக்குச் சதைக்குள் பரவும். சுடப்பட்ட மான்களை எக்ஸ்ரே எடுத்தபோது நூற்றுக்கணக்கான வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. 2008-ல் அமெரிக்காவின் வடக்கு டகோட்டாவில் ஏழைகளுக்குத் தானமாக வந்த மான்கறியில் ஈயத் துகள் இருப்பது தெரிந்து, அதை விநியோகிக்க வேண்டாம் என்று அதிகாரிகள் சொல்ல வேண்டியதாயிற்று.

மனிதனுக்கு முன்னால் மாட்டிக்கொண்டவை பிணந்தின்னிப் பறவைகள். கலிஃபோர்னியாவின் காண்டார் கழுகு 1980-களின் தொடக்கத்தில் 22 பறவைகளாகக் குறைந்தது. கடைசிப் பறவைகளையும் பிடித்துக் கூண்டில் வளர்த்துத் திரும்பக் காட்டில் விட்டார்கள். விட்டவையும் வேட்டைக்காரர்கள் விட்டுச்சென்ற குடலைத் தின்று ஈய நஞ்சில் செத்தன. அந்த மாநிலம் 2013-ல் சட்டம் போட்டு, 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டை முழுவதும் நிறுத்தியது. டென்மார்க் 1996-லேயே ஈயச் சிறுகுண்டுகளைத் தடைசெய்தது. 2024 ஏப்ரலில் ரைஃபிள் ஈயக் குண்டையும் நிறுத்தியது. இந்தியாவில் கழுகுகள் அழிந்ததற்கு முதன்மைக் காரணம் மாட்டுக்குப் போட்ட டைக்ளோஃபினாக் மருந்துதான். 2006-ல் அது கால்நடைக்குத் தடைசெய்யப்பட்டது. மிச்சமிருக்கும் கொஞ்சத்துக்கும் இன்னொரு நஞ்சை நாம் வைக்கத் தேவையில்லை.

நாட்டுத் துப்பாக்கிக் குண்டு மெதுவாகப் போவதால் அவ்வளவாகச் சிதறாது. ஆனால் எலும்பில் பட்டால் உடையும். சிறு குண்டுகள் முழுசாகவே கறிக்குள் தங்கி, குழம்போடு வயிற்றுக்குள் போகும். காட்டுக்கறி சட்டப்படி குற்றம் என்பது ஒருபக்கம் இருக்கட்டும். ஈயக் குண்டு பட்ட கறியைப் பிள்ளைக்கு ஊட்டுகிறவர்கள் என்ன ஊட்டுகிறோம் என்று தெரிந்துகொள்ள வேண்டும்.

நம் கொல்லையில் வைத்துப் பார்த்தால்

இதுவரை சொன்னதை ஒரு பாலக்கோட்டு நிலக்கடலைக் கொல்லையில் வைத்துப் பார்ப்போம்.

1. சமதரையில் நின்று, நெஞ்சு உயரத்தில், நேர்க்கிடையாகச் சுட்ட குண்டு எதிலும் படாவிட்டால் தரையைத் தொடுவதற்குள் சுமார் 400 மீட்டர் போயிருக்கும். குழலை ஒரு சிறு கோணம் உயர்த்தினால் கிலோமீட்டர் கணக்கு. பரண்மேல் இருந்து சுடுவது வேறு. 4 மீட்டர் உயரப் பரணிலிருந்து 40 மீட்டர் தள்ளி நிற்கும் பன்றியை நோக்கினால் குழல் கீழ்நோக்கித்தான் இருக்கும். குறி தப்பினாலும் பன்றிக்குப் பின்னால் மண்ணில் புதையும். உழுத மண்ணைவிட நல்ல தடுப்பு எதுவும் இல்லை.

2. ஆனால் கிருஷ்ணகிரி மண்ணுக்கு அடியில் பாறை. பல இடங்களில் பாறை வெளியே முதுகைக் காட்டிக்கொண்டு கிடக்கும். சாய்வாகப் பாறையில் பட்ட குண்டு ஈயமோ செம்போ தெறிக்கும். எந்தத் திசை என்று யாரும் சொல்ல முடியாது. பாறை உள்ள கொல்லையில் ரைஃபிளே கூடாது.

3. சுமார் 10 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 880 மீட்டரில் கிளம்பினால் அதன் ஆற்றல் ஏறத்தாழ 3,900 ஜூல். 50 கிலோ அரிசி மூட்டை இரண்டு மாடி உயரத்திலிருந்து விழும் வலு அது, விரல் நுனி அகலத்தில். விரியும் குண்டு இதில் பெரும்பங்கைப் பன்றிக்குள் விட்டுவிடும். செம்புக் குண்டு கலையாமல் ஆழமாகப் போவதால் மறுபக்கம் வெளியேறும் வாய்ப்பு ஈயத்தைவிட அதிகம். ஆக, நஞ்சு என்று பார்த்தால் செம்பு நல்லது; பின்னால் வீடு இருக்கிறதா என்று பார்த்தால் செம்புக்குத் தனியாக மண் தடுப்பு இருந்தாக வேண்டும். இரண்டையும் ஒருசேரத் தீர்க்கும் குண்டு இன்னும் வரவில்லை.

4. வீடுகள் நெருங்கிய இடத்தில் 12 போர் பொருத்தமானது. பெரிய சிறுகுண்டுகள் கொண்ட தோட்டா 30, 40 மீட்டருக்குள் வேலை செய்யும். தப்பியவை ரைஃபிள் குண்டு போல ஊர் தாண்டாது. கேரளத்தில் 2022 முதல் உள்ளாட்சித் தலைவர்களின் அனுமதியோடு லைசென்ஸ் உள்ளவர்கள் பன்றி சுடுகிறார்கள். அங்கேயும் தூரம் குறைவாக இருப்பதுதான் பாதுகாப்பு.

5. சுட்ட பன்றியை என்ன செய்வது? ஈயக் குண்டால் சுட்டதைக் காட்டோரம் போட்டால் நரியும் பருந்தும் அதைத் தின்னும். 2014-ல் காவேரி வடக்கு, 2022-ல் காவேரி தெற்கு என்று இரண்டு வன உயிரினச் சரணாலயங்கள் இந்த இரு மாவட்டங்களில்தான் அறிவிக்கப்பட்டன. அவற்றின் ஓரத்திலேயே ஈயம் கலந்த பிணத்தைப் போடக்கூடாது. ஒன்று, செம்புக் குண்டு. இல்லையென்றால், ஆழமாகக் குழி வெட்டிப் புதைக்க வேண்டும்.

6. எப்படிப் பார்த்தாலும் மின்வேலியைவிடத் துப்பாக்கி மேல். 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே பயிருக்குப் போட்ட சட்டவிரோத மின்வேலியில் மூன்று யானைகள் செத்தன. இரண்டு குட்டிகள் தாயைச் சுற்றிச்சுற்றி நின்றன. மின்கம்பிக்குப் பன்றி எது, யானை எது, கடைசியில் மனிதன் எது என்று தெரியாது. துப்பாக்கிக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார். அவர் பார்த்துச் சுடலாம், சுடாமலும் விடலாம்.

மாதந்தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் விவசாயிகள் குறைதீர் கூட்டத்தில் பன்றி பற்றிய மனு வராத மாதம் அரிது. அடுத்த மனுவில் பயிர் சேத விவரத்தோடு மூன்று கேள்விகளையும் எழுதிக் கொடுக்கலாம். எங்கள் ஊரில் சுட வருபவர்கள் ரைஃபிளா, 12 போரா, எதைக் கொண்டு வருவார்கள்? குண்டு விரியும் வகையா, முழுச் சட்டையா? சுடும் திசையில் மண் தடுப்பு இருக்கிறதா என்று முன்கூட்டி வந்து பார்ப்பது யார்?